வெங்கச்சங்கல் போட்ட தொட்டிகள்

1. முள்

முதல் நாளே மீன் என் கையைக் குத்தியது.

அதற்கு முன் நான் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு ஃபிரேம் கடையில் கண்ணாடி வெட்டிக்கொண்டிருந்தேன். சாமி படம், கல்யாணப் படம், செத்தவர்களின் படம் எல்லாவற்றுக்கும் அளவு பார்த்து வெட்டி, விளிம்பைக் கார்போரண்டம் கல்லில் தேய்த்துக் கொடுப்பேன். விளிம்பு தேய்க்காமல் ஒரு கண்ணாடிகூட என் கையிலிருந்து போனதில்லை. படத்தைத் துடைக்கும்போது யார் விரலாவது அறுபட்டுவிடக் கூடாது அல்லவா.

எண்பதுகளின் தொடக்கத்தில் வரதராஜன் என்பவர் என்னைக் கூப்பிட்டார். கடைவீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் வண்ணமீன் கடை வைத்திருந்தார். தொட்டி கட்ட ஆள் வேண்டியிருந்தது. சிலிகான் பேஸ்ட் எங்கள் பக்கம் பரவாத காலம். இரும்பு ஆங்கிளில் ஃபிரேம் அடித்து, கண்ணாடியை அதில் உட்கார வைத்து, மக்கு பூசி அடைக்க வேண்டும். அந்த வேலைக்குத்தான் சேர்ந்தேன். ஆனால் நான் போன அன்றைக்குக் காலையில்தான் மெட்ராஸிலிருந்து ரயிலில் மீன் வந்திருந்தது. "தொட்டி நாளைக்குக் கட்டிக்கலாம் சேவியர், மொதல்ல இதப் பிரிச்சு உடு" என்றார்.

ஒரு பையில் இரண்டு அங்குல நீளத்தில் இருபது மீன்கள். வயிறு தட்டை. செதில் கிடையாது. பக்கவாட்டில் ஓடு வேய்ந்ததுபோல் இரண்டு வரிசை எலும்புத் தகடு. வாய்க்குக் கீழே குட்டிக் குட்டியாக மீசை. நம் ஆற்றுக் கெளுத்தியைச் சுருக்கிச் செய்தது போலிருந்தது. வலையில் மாட்டிக்கொண்ட ஒன்றைக் கையால் பிடுங்கினேன். முதுகில் ஒன்று, பக்கத்துக்கு ஒன்று என்று மூன்று முள் அதற்கு. விரைத்து நிறுத்தினால் மடங்காது. உள்ளங்கையில் ஒரு முள் ஏறியது. சாயங்காலம் வரைக்கும் தேள் கொட்டியதுபோல் கடுத்தது.

"கோரியப் போயி கையில புடிப்பாங்களா?" என்று முதலாளி சிரித்தார். கோரிடோரஸ் என்பது முழுப் பெயர். கடையில் கோரி என்றுதான் சொல்வோம்.

வீங்கிய கையோடு அன்றைக்கு நான் நினைத்தது இதுதான்: இத்தனை முள்ளும் ஓடும் இருக்கிற மீனுக்கு எதுவும் ஆகாது. அந்த நினைப்பு ஐந்து வருஷம் என்னைவிட்டுப் போகவில்லை.

2. கிளீனர்

முதலாளி அந்த மீனை விற்பதைப் பார்க்க வேண்டும். "இது கிளீனர் மீனுங்க. மேல இருக்கற மீனு திங்கறது போக மிச்சம் கீழ உழும் பாருங்க, அதத் தின்னுக்கும். தொட்டி சுத்தமா இருக்கும். இதுக்குன்னு தனியா ஒண்ணும் போட வேண்டியதில்ல."

நானும் அதையே சொல்லப் பழகினேன்.

கடையின் இன்னொரு பெருமை அடியில் போடும் கல். வேறு கடைகளில் கூழாங்கல் போடுவார்கள். எங்கள் தொட்டியில் வெங்கச்சங்கல். சேலம், நாமக்கல் பக்கத்து மேட்டுக்காட்டில் உழுதால் வெள்ளை வெளேரென்று கிளம்பும் அந்தக் கல்லைக் குடியானவர்கள் பொறுக்கி வரப்பில் போட்டிருப்பார்கள். அதை மூட்டையில் கொண்டுவந்து, கடையின் பின்கட்டில் உட்கார்ந்து சுத்தியால் உடைப்பேன். பட்டாணி அளவுக்குச் சலித்து, கழுவி, தொட்டியில் இரண்டு அங்குலம் பரப்புவேன். மேலே டியூப் லைட் போட்டால் அடி முழுக்கக் கற்கண்டு கொட்டியதுபோல் மின்னும். சந்தில் போகிறவர்கள் அதைப் பார்த்துத்தான் உள்ளே வருவார்கள். உடைக்கும்போது சில்லு தெறிக்கும் என்று நான் கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொள்வேன். கைக்குச் சாக்குத் துணி சுற்றிக்கொள்வேன்.

இதை இப்போது எழுதும்போது எனக்கே நம்ப முடியவில்லை. கைக்குத் துணி சுற்றினேன். அதற்கு மேல் யோசிக்கவில்லை.

எடப்பாடியில் தறி வைத்திருந்தவர்கள் வீடு, நாமக்கல்லில் லாரி பாடி கட்டுகிறவர்கள் வீடு, கோழிப் பண்ணைக்காரர்கள் வீடு, பள்ளிபாளையம் என்று நாலாபக்கமும் தொட்டி வைத்தோம். மாதம் ஒருமுறை போய் சைஃபன் குழாய் போட்டு அழுக்கை இழுத்து, பில்டரைக் கழுவி வருவதும் என் வேலையானது. போகிற வீட்டிலெல்லாம் கோரி மட்டும் ஒன்றிரண்டு குறைந்திருக்கும். "சீக்குங்க" என்பேன். நீல மருந்து நாலு சொட்டு விடுவேன். அடுத்த தடவை புது மீன் கொண்டுபோவேன். ஐந்து வருஷம் இப்படியே ஓடியது.

3. கட்டில் உயரத்தில் ஒரு தொட்டி

நாமக்கல்லுக்கும் சேந்தமங்கலத்துக்கும் நடுவே தோட்டத்து வீடு அது. வீட்டுக்காரர் கந்தசாமி. சொந்த லாரியைத் தானே ஓட்டியவர். லோடு மேல் ஏறித் தார்ப்பாய் இழுத்துக் கட்டும்போது கயிறு அறுந்து கீழே விழுந்தார். இடுப்புக்குக் கீழே அசைவில்லை. மல்லாந்தோ ஒருக்களித்தோ படுத்திருக்க வேண்டும், உட்காரக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவர் மனைவி அருக்காணி தனியாளாக இரண்டு கோழி ஷெட்டைப் பார்த்துக்கொண்டார். வீட்டுக்காரருக்குப் பொழுது போகட்டும் என்று தொட்டி கேட்டு வந்தவர் அவர்தான்.

நான் வழக்கமான உயரத்துக்கு ஸ்டாண்டு கொண்டுபோனேன். கந்தசாமி அண்ணன் படுத்தபடியே கையை ஆட்டினார்.

"அத்தன ஒசரத்துல வச்சா எனக்கு அடிப்பலகதான் தெரியும். கட்டலுக்கு நேரா வையி தம்பி."

ஸ்டாண்டின் காலை அறுத்துக் குட்டையாக்கினேன். தொட்டியின் அடித்தளமும் அவர் தலையணையும் ஒரே மட்டத்துக்கு வந்தன. மேலே ஓடும் ஏஞ்சல், கௌராமி மீன்கள் அவருக்கு எட்டிப் பார்த்தால்தான் தெரியும். கண்ணுக்கு நேரே இருந்தது எட்டு கோரி.

வழக்கமான பாட்டை நான் பாடினேன். இது கிளீனர் மீனுங்க, தனியாத் தீனி வேண்டாங்க என்றேன்.

அவர் என்னையே பார்த்தார். "எந்த லாரில தம்பி கிளீனர் மிச்சம் தின்னுட்டு ஓடுனான்? டிரைவருக்கு ஒரு சாப்பாடுன்னா அவனுக்கும் ஒரு சாப்பாடு. இல்லீனா அவன் அடுத்த ஊர்ல எறங்கிப் போயிருவான்."

அருக்காணி அக்கா சிரித்துவிட்டார். அந்த வீட்டில் அன்றிலிருந்து கோரிக்குத் தனித் தீனி. நான் கொண்டுபோன சாக்கடைப் புழுவை ஒரு தேங்காய்ச் சிரட்டையில் வைத்துத் தினம் கொஞ்சம் போட்டார்கள்.

அடுத்த மாதம் போனபோது அண்ணன் என்னிடம் நிறைய கேட்டார். ஏன் திடீரென்று ஒன்று மேலே பாய்ந்து வந்து உடனே கீழே போகிறது? காற்றை ஒரு வாய் விழுங்கப் போகிறது என்றேன். ஏன் எட்டும் ஒன்றாகவே திரிகிறது? தனியாக விட்டால் பயந்துகொள்ளும் என்றேன். நான் ஐந்து வருஷம் விற்ற மீனை அவர் ஐந்து வாரத்தில் என்னைவிட நன்றாகத் தெரிந்து வைத்திருந்தார். எட்டுக்கும் அடையாளம் சொன்னார்.

மூன்றாவது மாதம் எட்டு ஆறானது. நாலாவது மாதம் நான்கு. நான் நீல மருந்து விட்டேன். புதிதாக இரண்டு கொண்டுபோனேன். அதற்கடுத்த மாதம் போக நாள் இருக்கும்போதே, சேலத்துக்கு முட்டை ஏற்றி வந்த லாரி டிரைவர் ஒருவர் கடைக்கு வந்து நின்றார்.

"அருக்காணியக்கா உங்களைக் கையோட கூட்டியாரச் சொன்னாங்க. அண்ணன் கட்டலச் செவுத்துப் பக்கமாத் திருப்பச் சொல்லிட்டாராம். ரெண்டு நாளாச் சோறே திங்கறதில்லையாம்."

4. மூக்கு வெட்டிய கோழி

அந்த லாரியிலேயே ஏறிப் போனேன்.

அக்கா ஷெட்டிலிருந்து நேராக வந்தார். கையில் கோழித் தீவனத் தூசி. தொட்டியில் இருந்தது மூன்று கோரி. மூன்றும் மூலையில் ஒடுங்கிக் கிடந்தன. வயிறு உள்வாங்கி, தகடுகள் மட்டும் தெரிந்தன.

"தீனி போடறதில்லைங்களா அக்கா?"

"நீங்களே போட்டுப் பாருங்க தம்பி."

புழுவைக் கொஞ்சம் விட்டேன். அது கல்லுக்கு நடுவே இறங்கியது. மூன்று மீனும் ஓடிவந்தன. பசி இருந்தது, அது நன்றாகத் தெரிந்தது. வாயைக் கல்லில் வைத்தன, எடுத்தன. மறுபடி வைத்தன, எடுத்தன. ஒன்று புழுவின் மேலேயே வாயை வைத்தது. தாண்டிப் போய்விட்டது.

அக்கா சொன்னார்: "நானும் நாலு நாளாப் பாத்துட்டேன். எங்க ஷெட்ல குஞ்சுக்கு மூக்கு வெட்டுவோமுங்க, ஒண்ண ஒண்ணு கொத்திக்கக் கூடாதுன்னு. மிசின்ல அளவாச் சுடோணும். புது ஆளு வந்து கூடுதலா வெட்டிப்போட்டான்னா, அந்தக் குஞ்சு தீனிமேலயே மூக்க வச்சுக் கொத்தும். ஒரு மணி உள்ள போகாது. தொட்டி நெறையத் தீனி இருக்கும், அது பட்டினியாச் சாகும். இது அப்படித் திங்குதுங்க."

சுவரைப் பார்த்துப் படுத்திருந்த கந்தசாமி அண்ணன் திரும்பாமலே பேசினார்.

"தம்பி, வரும்போது இதுகளுக்கு மீசை இருந்துச்சல்ல? அது எங்க?"

வலையைப் போட்டு ஒன்றைத் தூக்கினேன். முள் குத்தாமல் வலையோடு புரட்டி, வாசல் வெளிச்சத்தில் வயிற்றுப் பக்கத்தைப் பார்த்தேன்.

ஐந்து வருஷத்தில் ஒரு கோரியை நான் புரட்டிப் பார்த்ததே இல்லை. மேலிருந்து பார்த்தால் அது நல்ல மீன். கீழே மீசை இல்லை. இருந்த இடத்தில் சிவந்த மொட்டை. உதடு பிய்ந்து, வெள்ளையாகப் பஞ்சுபோல் பூஞ்சை படர்ந்திருந்தது. மண்ணைக் கிளறித் துழாவி வயிறு வளர்க்கிற ஜீவன் அது. மீசைதான் அதற்குக் கண், கை, நாக்கு எல்லாம்.

மீனைத் தண்ணீரில் விட்டேன். பிறகு, ஏன் செய்தேன் என்று தெரியவில்லை, முழங்கைவரை தொட்டிக்குள் விட்டு அடிக்கல்லில் விரலை அழுத்தி ஒரு இழுப்பு இழுத்தேன். வெளியே எடுத்தபோது விரல் நுனியில் மூன்று கோடு. மூன்றிலும் இரத்தம் கசிந்தது.

"என்னங்க தம்பி, என்னாச்சு?" என்று அக்கா கேட்டார்.

எனக்குக் கேட்டதெல்லாம் சுத்திச் சத்தம். ஃபிரேம் கடையில் யாருடைய விரலும் அறுபடக் கூடாது என்று விளிம்பு தேய்த்தவன், இங்கே கல்லை உடைத்து விளிம்பு உண்டாக்கிப் பரப்பியிருக்கிறேன். அதுவும் இந்த ஒரு வீட்டிலா? மனதுக்குள் எடப்பாடி, பள்ளிபாளையம், திருச்செங்கோடு என்று ஒவ்வொரு ஹாலாக வந்து நின்றது. நாற்பது தொட்டி இருக்கும். எல்லாவற்றிலும் டியூப் லைட்டில் மின்னிக்கொண்டிருந்தது என் கல்.

"நாளைக் கழிச்சு வாரேங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். நடந்ததை அன்றைக்கே சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

5. முதலாளி வீட்டுத் தொட்டி

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து மாதா கோயிலிலிருந்து நேராக அழகாபுரத்தில் முதலாளி வீட்டுக்குப் போனேன். கடை திறக்கும்வரை காத்திருக்க முடியவில்லை. அவருக்கு இது தெரிந்தால் பதறிப்போவார், உடனே எல்லாத் தொட்டிக் கல்லையும் மாற்றச் சொல்வார் என்றுதான் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு போனேன்.

அதுவரை நான் அந்த வீட்டு வாசலைத் தாண்டியதில்லை. முதலாளியம்மா கதவைத் திறந்து, "குளிச்சிட்டு இருக்காரு, உள்ள வந்து உக்காருப்பா" என்றார்.

ஹாலில் ஒரு தொட்டி இருந்தது. நான் கட்டியதல்ல, பழையது. அடியில் கறுப்பும் மஞ்சளும் கலந்த ஆற்று மணல். பொடி மணல். அதன் மேல் பத்துப் பன்னிரண்டு கோரி. ஒவ்வொன்றும் என் கட்டைவிரல் பருமன். கண்வரைக்கும் மணலில் முகத்தைப் புதைத்து, செவுள் வழியாக மணலைப் புகைபோல் விட்டுக்கொண்டு மேய்ந்தன. ஒன்று கண்ணாடியில் வயிற்றை ஒட்டி ஏறியது. மீசை முழுதாக இருந்தது.

முதலாளி துண்டோடு வந்தார். நான் தொட்டியைப் பார்த்துக்கொண்டு நிற்பதைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது.

"சார், நம்ம கல்லுல மீசை அறுபடுதுங்க சார். வாய் புண்ணாகித் தீனி எடுக்க முடியாமச் சாகுது. நேத்துத்தான் பாத்தேன்."

அவர் தலையைத் துவட்டிக்கொண்டே இருந்தார்.

"உங்களுக்குத் தெரியுமா சார்?"

"தெரியும்னு சொல்ல முடியாது. மொதல்ல இந்தத் தொட்டிலயும் வெங்கச்சங்கல்லுதான் இருந்துச்சு. ரெண்டு தடவ கோரி நிக்கல. மணல மாத்திப் பாத்தேன். நின்னுக்கிச்சு. சந்தேகம் இருந்துச்சுன்னு வச்சுக்கயேன்."

"அப்பறம் ஏன் சார் கடையில சொல்லல?"

"யாரு மணல் போட்ட தொட்டியப் பாக்க வருவா? சாக்கடையான்னு கேப்பாங்க. வெள்ளைக்குத்தான் சேவியர் ஜனங்க நிக்கறாங்க." பிறகு என் முகத்தை நேராகப் பார்த்தார். குரலை உயர்த்தவில்லை. "எனக்குச் சந்தேகம்தான். நீ அஞ்சு வருஷமா உன் கையால உடைக்கற. துணி சுத்திக்கிட்டுத்தான உடைக்கற? உனக்குத் தெரியலையா?"

அடித்திருந்தால்கூட அப்படி வலித்திருக்காது.

"எல்லா ஊட்டுக்கும் போயி மாத்திக் குடுத்துட்டு வாரேன் சார்."

"கடைப் பேரக் கெடுக்கறதுக்கா? அந்த வேலையே வேண்டாம்."

முதலாளியம்மா காபி கொண்டுவந்து வைத்தார். குடிக்காமல் வந்துவிட்டேன். திங்கட்கிழமை நான் கடைக்குப் போகவில்லை. அதன் பிறகு எப்போதும் போகவில்லை.

6. மணல்

மோகனூரில் காவிரிக் கரையில் இறங்கி இரண்டு சாக்கு மணல் கட்டினேன். பஸ்ஸில் ஏற்ற கண்டக்டர் ஒத்துக்கொள்ளவில்லை. தெரிந்த லாரியில் வைத்துக் கொண்டுவந்து, அருக்காணி அக்கா வீட்டுக் கிணற்றடியில் தண்ணீர் தெளியும்வரை அலசினேன். கழுவியது போதும் என்று அக்கா இரண்டு முறை சொன்னார். எனக்குத்தான் போதவில்லை.

மீனை வாளியில் விட்டு, கல்லை ஒன்று விடாமல் அள்ளி வெளியே கொட்டினேன். கடைசிக் கை கல்லை அள்ளும்போது சொன்னேன்.

"அக்கா, அண்ணா, இந்தக் கல்லுதான் மீசைய அறுத்துச்சுங்க. சீக்கு இல்ல. கல்ல உடைச்சது நானுங்க. கிளீனர் மீனு, தீனி வேண்டாம்னு சொன்னதும் பொய்யிங்க."

அக்காவுக்குக் கோபம் வந்தது. கத்தவில்லை. ஆனால் ஒவ்வொரு சொல்லும் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. "மாசா மாசம் வந்தீங்களே. அது வாயி புண்ணாகித் தவிச்சுட்டு இருக்க, நீங்க மேல நின்னு மருந்து ஊத்திட்டுப் போனீங்களே. ஒருக்காக் குனிஞ்சு பாத்திருக்கலாமல்லங்க?"

நான் தொட்டியில் மணலைப் பரப்பிக்கொண்டிருந்தேன். கண்ணீர் தண்ணீருக்குள் விழுந்துவிடப் போகிறதே என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

மூன்று மீனையும் விட்டேன். வெகுநேரம் மூலையிலேயே கிடந்தன. பிறகு ஒன்று மெதுவாக வந்து, மொட்டை முகத்தை மணலில் வைத்தது. எடுக்கவில்லை. உள்ளே அழுத்தியது. செவுள் ஓரமாக ஒரு சிட்டிகை மணல் சிந்தியது.

"கட்டலத் திருப்பு" என்றார் கந்தசாமி அண்ணன். அக்கா கட்டிலைப் பிடித்து இழுத்தார். அண்ணன் அந்த மீனைப் பார்த்துக்கொண்டே என்னிடம் கேட்டார்.

"மொத்தம் எத்தன ஊட்ல இந்தக் கல்லப் போட்டிருக்கற?"

"நாப்பது இருக்குமுங்க."

"அப்பறம் இங்க ஏன் உக்காந்திருக்கற?"

7. வீடு வீடாக

போனேன். முகவரி நோட்டு கடையில் இருந்தது. ஆனால் நான் தொட்டி வைத்த வீடு எனக்கு மறக்காது.

கோபப்படுவார்கள் என்று எதிர்பார்த்துப் போனேன். கோபப்பட்டவர்கள் சிலர்தான். என்னைத் திகைக்க வைத்தவர்கள் கோபப்படாதவர்கள். எடப்பாடியில் ஒரு தறிக்காரர் நான் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "கல்லு அழகா இருக்குதுங்க, உட்ருங்க. மீனு செத்தா வேற மீனு." திருச்செங்கோட்டில் ஒரு வீட்டில், செத்தால்தான் புதுசு வருது, பசங்களுக்கு அது பிடித்திருக்கிறது என்றார்கள். மணல் சாக்கைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தேன். அவர்கள் வீட்டுத் தொட்டி, அவர்கள் மீன். நான் என்ன செய்ய முடியும்?

பள்ளிபாளையம் வீட்டைத்தான் என்னால் இன்றுவரை மறக்க முடியவில்லை.

அந்த வீட்டு மருமகள் பெயர் சாந்தி. கல்யாணமாகி மூன்று வருஷம். அவர் வந்த புதிதில்தான் வீட்டுக்காரர் தொட்டி வாங்கியிருந்தார். நான் மாதம் ஒருமுறை போகும்போது கதவோரம் நின்று பார்ப்பார், பேச மாட்டார். அன்றைக்கு மாமியார் உள்ளே இருந்தார். நான் சாந்தியிடம் கல்லைப் பற்றிச் சொன்னேன். மீன் செத்ததற்குக் காரணம் நான்தான் என்றேன்.

அவர் தூணைப் பிடித்துக்கொண்டார். முகம் வெளுத்துவிட்டது. ஏதோ தவறாகச் சொல்லிவிட்டேனோ என்று பயந்தேன்.

"நெசமாத்தான் சொல்றீங்களா அண்ணா? கல்லா?"

"ஆமாங்க. சத்தியமாக் கல்லுதானுங்க."

கொல்லைப் பக்கம் கையைக் காட்டினார். மல்லிகைச் செடி ஒன்று இருந்தது. "செத்த மீன் எல்லாத்தையும் அங்கதான் பொதச்சேன். பதினேழு. ஒவ்வொண்ணு சாகும்போதும் அத்தை சொல்லுவாங்க, 'இவ கால் வச்ச ஊட்ல ஒரு மீன்கூடத் தங்கல, கொழந்த எங்க தங்கப்போவுது'ன்னு. நானும் அப்படித்தான்னு நெனச்சுட்டேன். என்ற கையால தீனி போட்டாத்தான் சாகுதுன்னு, போன மாசத்திலிருந்து தீனி போடறதையே உட்டுட்டேன்."

மீன் செத்தது தெரியும். அது இந்த வீட்டில் இப்படி ஒரு ஆளின் தலையில் விடிந்திருக்கும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. மாதா மாதம் இந்தக் கதவோரம் நின்றவரிடம் "சீக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறேன். அதை அவர் வேறு எப்படிக் கேட்டிருப்பார்?

"அண்ணா, ஒரு ஒதவி. இத எங்க அத்தை முன்னால ஒருக்காச் சொல்லுங்க."

மாமியார் வந்தார். நான் நின்றபடியே ஆரம்பத்திலிருந்து சொன்னேன். வெங்கச்சங்கல், சுத்தி, மீசை, வாய்ப்புண் எல்லாவற்றையும். ஒரு கல்லை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்து, மூடிப் பார்க்கச் சொன்னேன். மூடினார். உடனே திறந்துவிட்டார்.

"உங்க மருமக கைப்பட்டு ஒரு மீனும் சாகலீங்க. பதினேழும் என் கைப்பட்டுச் செத்தது."

அந்த அம்மா கல்லையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். மன்னிப்பு ஒன்றும் கேட்கவில்லை. கடைசியில், "மணலு எங்க, கழுவோணுமா?" என்று கேட்டார். மாமியாரும் மருமகளும் குழாயடியில் எதிரெதிராக உட்கார்ந்து மணலை அலசினார்கள். பாதி மணல் முடிந்தபோது மாமியார், "நீ போயித் தொட்டியப் பாரு சாமி, நான் அலசறேன்" என்றார். சாந்தி எழுந்திருக்கவில்லை. தலை குனிந்து அலசிக்கொண்டே இருந்தார். தோள் மட்டும் குலுங்கியது.

8. இப்போது வருகிறவர்களுக்கு

அதன் பிறகு சொந்தமாகக் கடை போட்டுத் தொட்டி கட்டினேன். முப்பது வருஷத்துக்கு மேல் அதே தொழில். கந்தசாமி அண்ணனின் மூன்று மீனில் ஒன்று இறந்தது. இரண்டு பிழைத்தன. மீசை பாதிதான் வளர்ந்தது. ஆனாலும் தீனி எடுத்தன. பிறகு ஆறு சேர்த்துவிட்டேன். எனக்குச் சந்தேகமான எந்த மீனையும் அவர் தொட்டியில் விட்டுவிட்டு வருவேன். ஒரு வாரம் பார்த்து, எது எப்போது என்ன செய்தது என்று முட்டை லாரிக்காரர்களிடம் சேதி சொல்லி அனுப்புவார். மழைத் தண்ணீர் கொஞ்சம் கலந்து குளிர்ந்த நாளில் கோரி கண்ணாடியில் முட்டை ஒட்டும் என்பதை எனக்குச் சொன்னவர் அவர்தான்.

இப்போது படித்த பிள்ளைகள் சொல்கிறார்கள், மீசை தேய்வதற்குக் கல்லின் கூர்மை மட்டும் காரணமல்ல, கல் இடுக்கில் தேங்கும் அழுக்கும்தான் என்று. இருக்கலாம். அந்த இடுக்கும் நான் போட்ட கல்லின் இடுக்குதான்.

கோரி வாங்குகிறவர்களுக்கு நான் சொல்வது கொஞ்சம்தான். பொடி மணல் போடுங்கள். ஆறுக்குக் குறையாமல் வாங்குங்கள். அதற்கென்று தனியாகத் தீனி போடுங்கள், அது அடிவரைக்கும் போய்ச் சேர்ந்ததா என்று பாருங்கள். மாதம் ஒருமுறையாவது தரையில் உட்கார்ந்து அதன் வாயைப் பாருங்கள். விற்கிறவர்களுக்கு இன்னொன்று: மீன் ஏன் செத்தது என்று கேட்டால், தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லுங்கள். "சீக்கு" என்று சொல்லாதீர்கள். அந்த ஒரு சொல் அந்த வீட்டில் யார் மேல் போய் விழும் என்று உங்களுக்குத் தெரியாது.

எந்த மணல், எந்தக் கல் வந்தாலும் தொட்டியில் போடும் முன் ஒரு பிடி எடுத்து என் உதட்டில் வைத்துத் தேய்ப்பேன். கடைக்கு வருகிறவர்கள் பார்த்துச் சிரிப்பார்கள். கை காய்த்துப்போனது, அது எதையும் சொல்லாது. உதடு சொல்லிவிடும்.